பேயின் வழக்கு

பேய்ப்படம் பார்த்துப் பயப்படுகிறோமே, அது யாருடைய பயம்? பேய் உண்டா இல்லையா என்ற பழைய பட்டிமன்றத்துக்கு முன்னால் இதைக் கேட்டாக வேண்டும்.

கொல்லிமலையிலிருந்தே தொடங்கலாம். நற்றிணையிலும் குறுந்தொகையிலும் வருகிற கொல்லிப்பாவை அழகும் அச்சமும் ஒன்றான உருவம். மலைமேல் முனிவர்களைத் தேடி வந்த அரக்கர்களைச் சிரித்தே கொல்லும்படி தேவர்கள் அவளை நிறுத்தினார்கள் என்பது கதை. ஆக அவள் மலைக்குக் காவல். அவளைக் கண்டு நடுங்க வேண்டியவன் வெளியிலிருந்து வருகிறவன். மேலே இருக்கிறவர்கள் அவளை எட்டுக்கை அம்மனாகக் கும்பிட்டுவிட்டுத் தம் பாட்டுக்குச் சாமை விதைக்கிறார்கள். 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, வாசலூர்பட்டியில் படகு விட்டுவிட்டு இறங்கிப்போகிறவனுக்குத்தான் இது ‘மர்ம மலை’. ஒரே தொன்மம் நிற்கும் இடத்தைப் பொறுத்துக் காவலாகவும் பயங்கரமாகவும் ஆகிறது. அப்படியானால் பேய்ப்படத்தின் காமிரா எங்கே நிற்கிறது?

தமிழில் பெரும்பாலும் வீடு வாங்கியவன் பக்கம். ‘சந்திரமுகி’யில் (2005) பழைய அரண்மனையை வாங்கிக் குடியேறுகிறார்கள். அங்கே ஒரு நாட்டியக்காரியை எரித்துக் கொன்றிருக்கிறார்கள். அவளுடைய கோபம் இன்னொருத்தியின் மனநோயாக மாற்றப்படுகிறது, மருத்துவர் வந்து தீர்த்துவைக்கிறார். கொன்ற வேட்டையன் மீதான வழக்கு என்னாச்சு? ஒரு பொம்மையைக் கொடுத்து ஏமாற்றியாச்சு. இதன் மூலமான மலையாள ‘மணிச்சித்ரதாழ்’ (1993) படத்தில் பேய் தஞ்சாவூர்க்காரி, தமிழ் பேசுகிறாள். தமிழுக்கு வந்ததும் அவளே ஆந்திரத்துக்காரியாகித் தெலுங்கு பேசுகிறாள். பேய் எப்பவும் பக்கத்து மொழிக்காரி! மற்றமையைக் கட்டமைப்பது என்று நாம் பக்கம் பக்கமாக எழுதுவதை வணிக சினிமா ஒரு பாட்டில் செய்துகாட்டிவிடுகிறது.

ஜப்பானிய சினிமாவும் நாட்டார் கதையிலிருந்துதான் பேயை எடுத்தது. எசமானனால் கொல்லப்பட்டுக் கிணற்றில் போடப்பட்ட வேலைக்காரி ஒகிகு இன்னமும் தட்டுகளை எண்ணிக்கொண்டிருக்கிறாள். ஒன்பதுக்கு மேல் எண்ணிக்கை போவதில்லை. அந்தக் கிணறுதான் ஹிதேயோ நகாதாவின் ‘ரிங்கு’வில் (1998) வீடியோ நாடாவுக்குள் வருகிறது. சதகோவின் எலும்பைக் கிணற்றிலிருந்து மீட்டெடுத்ததும் எல்லாம் முடிந்தது என்று ஆசுவாசப்படுகிறார்கள். முடியவில்லை. தொலைக்காட்சிப் பெட்டியைவிட்டு வெளியே வந்து கொல்கிறாள். நாடாவைப் பிரதியெடுத்து அடுத்தவனுக்குக் காட்டுகிறவன் மட்டுமே தப்பிக்கலாம். பெண்ணைப் பயங்கரமாகக் காட்டும் ஆண் கண் இங்கேயும் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் இரக்கப்பட்டு எலும்பை எடுத்துக் கொடுத்தால் கணக்கு நேராகிவிடாது என்று அந்தப் படத்துக்குத் தெரிந்திருக்கிறது.

நம்ம ஊர் நாட்டார் மரபு மூன்றாவதாக ஒன்றைச் செய்கிறது. பேயை விரட்டுவதுமில்லை, சாபமாக அலையவிடுவதுமில்லை. அநியாயமாகச் செத்தவர்களுக்குப் பீடம் போட்டு, கொடை கொடுத்து, கொலையின் கதையை வில்லுப்பாட்டில் வருஷாவருஷம் ஊர் நடுவே சொல்ல வைக்கிறது. முத்துப்பட்டன் கதை அப்படித்தான் வாழ்கிறது. இதுவும் ஒரு சமரசம்தான். கொன்றவன் வம்சம் ஒரு படையலோடு தப்பித்துக்கொள்கிறது. என்றாலும் பெயரும் கொலையும் மறக்கப்படுவதில்லை. இதையெல்லாம் மூடநம்பிக்கைன்னு ஒதுக்குகிற தோழர்கள், ஊரின் குற்றப்பதிவேட்டையும் சேர்த்தே ஒதுக்குகிறார்கள்.

பழையனூர் நீலியை நினைத்துப் பாருங்கள். முற்பிறவியில் தன்னைக் கொன்ற கணவனை அவள் எடுத்த எடுப்பில் இருட்டில் அடித்துக் கொன்றுவிடவில்லை. கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச்சபைக்குப் போகிறாள், வழக்காடி ஜெயிக்கிறாள். பேய் நீதி கேட்ட கதை இது. ஆனால் தமிழ் அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது ‘நீலிக் கண்ணீர்’ என்ற வசவை மட்டும். கொல்லப்பட்டவளின் அழுகை பொய்யழுகை என்று மொழியே தீர்ப்பு எழுதிவிட்டது. சாதி மாறிக் கட்டியதற்காகக் கொல்லப்படும் பெண்களுக்கு அழுகிறவர்களை இன்றைக்கும் ‘நாடகம்’ என்கிறார்களே, அதற்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

பேயோட்டுகிற கோடாங்கி இரண்டு கேள்வி கேட்பார்: ‘நீ யாரு? உனக்கு என்ன வேணும்?’ நமது பேய்ப்படங்கள் முதல் கேள்விக்கு நீளமாக ஒரு பிளாஷ்பேக் போடுகின்றன. இரண்டாவது கேள்வியை அவை கேட்பதில்லை. கேட்டால், பதில் சொல்ல வேண்டியது வீட்டுக்காரன்.