மஞ்சள் மீட்டரை எதில் எடைபோடுவது?

கொல்லிமலைச் செம்மேட்டில் வீட்டு மேசையிலேயே ரேடியோவையும் இன்வெர்ட்டரையும் பிரித்துப் பழகுகிற ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மல்டிமீட்டரின் ஃப்யூஸ் போய்விட்டால், 70 கொண்டை ஊசி வளைவு இறங்கி நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ போக வேண்டியிருக்கலாம். மலிவு மீட்டர்களை மதிப்பிடுகிறவர்கள் இந்த 70 வளைவைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை என்பதுதான் என் குறை.

வழக்கமான சோதனை எல்லோருக்கும் தெரியும். டிடி-830 ரக மஞ்சள் மீட்டரையும் விலை உயர்ந்த ஃப்ளூக் மீட்டர் ஒன்றையும் ஒரே பேட்டரியில் வைத்து, கடைசி இலக்கம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். அதில் நியாயம் உண்டு. விலை குறைந்தாலே தப்பாகத்தான் காட்டும் என்ற பேச்சை அடக்க இது உதவுகிறது. சில நூறு ரூபாய் மீட்டர் பேட்டரி பார்க்கும் வேலையைப் பெரும்பாலும் ஒழுங்காகவே செய்கிறது. ஆனால் பேட்டரி எந்த மீட்டருக்கும் கேள்வித்தாளை முன்பே கொடுத்துவிட்ட பரீட்சை.

கொஞ்சம் கடினமாகக் கேட்டுப் பாருங்கள். 9 வோல்ட் பேட்டரியில் இரண்டு 1 மெகா ஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்து, ஒன்றின் இரு முனையிலும் ப்ரோபை வையுங்கள். 4.5 வோல்ட் வர வேண்டும். மஞ்சள் மீட்டரின் உள்தடையும் ஏறக்குறைய 1 மெகா ஓம் என்பதால் 3 வோல்ட்தான் காட்டும். 10 மெகா ஓம் உள்ள மீட்டர் 4.29 காட்டும். தொட்ட மாத்திரத்தில் மீட்டரும் சர்க்யூட்டில் ஒரு ரெசிஸ்டராகிவிடுகிறது.

ஏசியிலும் இப்படித்தான். இந்த ரகம் சராசரியை அளந்து, சைன் அலைக்கான கணக்கில் பெருக்கிக் காட்டுகிறது. சதுர அலை இன்வெர்ட்டர் சரியாக 220 வோல்ட் கொடுத்தாலும் திரையில் 244 வரும். நம் செம்மேட்டுக்காரர் நன்றாக ஓடும் போர்டைத் திருக ஆரம்பித்துவிடுவார்.

இதைவிட எனக்குக் கவலை தருவது 10 ஆம்பியர் ஜாக். பக்கத்திலேயே ஃப்யூஸ் இல்லை என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ப்ரோபை அதிலேயே மறந்துவிட்டு வீட்டுக் கரன்ட்டைத் தொட்டால் நேரடி ஷார்ட். பின்பக்க ஸ்க்ரூவைக் கழற்றி உள்ளே பார்க்காத விமர்சனத்தை நான் பாதி விமர்சனம் என்றே வைப்பேன்.

டெல்லி இன்டர் யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டர் உருவாக்கிய எக்ஸ்ப்ஐஸ்-17 என்ற அளவீட்டுக் கருவி இந்த இடத்தில் நேர்மையாக நடந்துகொள்கிறது. அதன் சர்க்யூட் வரைபடம் எல்லோருக்கும் திறந்தது. ஏ1, ஏ2 உள்ளீடுகளுக்கு எல்லை ±16 வோல்ட் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. வினாடிக்கு அதிகபட்சம் 10 லட்சம் மாதிரிகள்தான். ஆடியோவுக்குப் போதும், எஸ்எம்பிஎஸ் ஸ்விட்சிங்கின் கூர்முனைகள் இதில் சிக்காது. கம்ப்யூட்டரோ போனோ கூடவே வேண்டும் என்பதும் தொல்லைதான்.

மீட்டரைத் திறந்த பிறகு முதலில் ஃப்யூஸைப் பாருங்கள்: கிளிப்பில் செருகியதா, சால்டர் வைத்ததா? செருகியது என்றால், அதே அளவில் ஐந்து வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மலையேறலாம்.