மூட்ட முடியாதது

கண்மணி குணசேகரனின் 'வந்தாரங்குடி' பற்றிப் பேச்சை எடுத்தாலே யாராவது ஒருத்தர் சொல்லிவிடுகிறார், "இழந்த நிலத்தை எழுத்தில் மீட்டெடுத்த நாவல்" என்று. பாராட்டுதான். ஆனாலும் அந்த 'மீட்டெடுத்த' எனக்கு உறுத்துகிறது. நெய்வேலிச் சுரங்கத்துக்காக நிலத்தையும் ஊரையும் விட்டுக் கிளம்பிய சனங்களின் கதை அது. பழுப்பு நிலக்கரியை எடுத்து முடித்த பள்ளத்தில், மேலே வாரிப் போட்ட மண்ணைக் கொட்டி நிரப்பி மரம் நட்டுவிட்டால், அதற்கும் 'மீட்டெடுத்த நிலம்' என்றுதான் பெயர். சுரங்கத்தின் சொல்லை எடுத்து, சுரங்கம் விழுங்கிய ஊர்களைப் பற்றிய நாவலுக்கு மாலையாகப் போடுகிறோம்.

எனக்கு ஊர் மேல்பட்டாம்பாக்கம். பெண்ணையாற்றங்கரை, கரும்புக் காடு. சுரங்கம் எங்கள் பக்கம் வரவில்லை. எங்களுக்கு மீட்பு என்றால் அடகுக் கடைதான். பேச்சில் அது 'மூட்டுறது'. "கரும்புப் பணம் வந்ததும் செயின மூட்டிடணும்" என்பது வருசா வருசம் காதில் விழுகிற வாக்கியம். மூட்டுவதற்கு சில நிபந்தனைகள் உண்டு. பொருள் உருக்குலையாமல் எங்கேயோ பத்திரமாக இருக்க வேண்டும். கையில் ரசீது இருக்க வேண்டும். வட்டியோடு பணம் கட்டினால் அதே செயின், அதே நெளிவோடு திரும்ப வரும். வயல் அப்படி இல்லை. பள்ளத்தில் மறுபடி மண் நிரம்பலாம், மரமும் வளரலாம். வரப்பு எது, கிணறு எது, யார் வீட்டுத் திண்ணை எங்கே இருந்தது? அந்த மண்ணைப் புரட்டிய இயந்திரத்துக்கு அதெல்லாம் தெரியாது.

சரி, மீட்க முடியாவிட்டால் ஈடு. இது ஒரு விசித்திரமான சொல். இட்லி ஒரு ஈடு, ரெண்டு ஈடு என்று வேகும். மாமியாருக்கு ஈடு கொடுக்க முடியாது. வீட்டை ஈடு வைக்கலாம். வைணவர்களுக்கு திருவாய்மொழியின் பெரிய வியாக்கியானமே ஈடுதான். சமம் என்ற பொருள் இந்தச் சொல்லில் ஊறிக் கிடக்கிறது. இழப்பீடு என்று சொல்லும்போதே, போனதற்குச் சமமாக ஒன்று வந்துவிட்டது என்று சொல் நமக்குச் சத்தியம் செய்து கொடுக்கிறது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பணம் வந்தது. ஆனால் அதன் பெயர் நிவாரணம். நிவாரணம் அரசு மனமிரங்கித் தருவது, இழப்பீடு நாம் உரிமையோடு கேட்பது. தாத்தா வைத்த பலாவுக்கு ஈடு இன்னொரு பலா மட்டும்தான், அது காய்க்க வருசக்கணக்காகும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்று வாய்க்கால் வெட்ட, கதிர் விட்ட நெல்லுக்குள் இயந்திரங்கள் இறங்கின. வழக்கு உயர் நீதிமன்றம் போய், பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் என்று முடிவானது. நெல்லுக்கு விலை உண்டு, அதனால் அதை எண்ணால் சொல்லிவிடலாம்.

இந்த வரிசையில் எனக்கு மரியாதை உள்ள ஒரே சொல் 'ஆறுதல் தொகை'. நிலத்தின் சந்தை மதிப்புக்கு மேல் தர வேண்டிய கூடுதல் தொகை இது. 1894 சட்டத்தில் 15 சதவீதம், 1984 திருத்தத்துக்குப் பிறகு 30, 2013 சட்டத்தில் 100. சந்தை விலை ஈடாகாது என்று சட்டமே ஒப்புக்கொண்டு, அந்தப் பற்றாக்குறைக்கு ஒரு சதவீதமும் போட்டிருக்கிறது. ஆறுதலை எப்படி அளந்தார்கள் என்று கேட்கலாம். ஆனாலும் சமமாகிவிட்டது என்று அந்தச் சொல் பொய் சொல்லவில்லை. அலுவலகப் பலகையில் 'நில எடுப்பு' என்றே எழுதியிருக்கும். நாம்தான் "நிலம் கொடுத்தவங்க" என்கிறோம். எடுத்தது எப்போது கொடுத்ததாக மாறியது?

நான் சோறு தின்கிற மென்பொருள் தொழிலில் இரண்டையும் கலக்க விடமாட்டார்கள். ஒரு வேலை பாதியில் நின்றால், நடக்காதது போலப் பழைய நிலைக்குத் திருப்புவது ஒரு வகை. நடந்துவிட்டது, இனித் திருப்ப முடியாது என்றால் ஈடுசெய்யும் செயல் இன்னொரு வகை. 1987இல் கார்சியா-மோலினாவும் சேலமும் எழுதிய கட்டுரை இதற்கு 'சாகா' என்று பெயர் வைத்தது. நீண்ட கதை என்று பொருள்படும் சொல், கணினிக்காரர்களுக்கும் அவ்வப்போது இலக்கியம் தட்டுப்படும். ரயில் டிக்கெட்டை ரத்து செய்கிறோம். பணம் திரும்ப வருகிறது. ஆனால் முன்பதிவு என்ற வரி அழிவதில்லை. அதற்குக் கீழே ரத்து என்று இன்னொரு வரி சேர்கிறது. ஈடு கொடுத்த இடத்தில்தான், போனது போனதுதான் என்பதற்கான பதிவும் இருக்கும்.

'வந்தாரங்குடி'யை நான் அந்தப் பதிவாகவே வாசிக்கிறேன். தலைப்பையே பாருங்கள், வந்தவர்கள் குடியிருக்கும் இடம். தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் பத்து மைல் தள்ளிப் போனதும் 'வந்தவர்கள்' ஆகிவிடுகிறார்கள். எங்கள் உறவில் ஒரு பெரியம்மா உண்டு. எந்த ஊரு என்று கேட்டால் சுரங்கத்துக்குள் போன ஊரின் பெயரைத்தான் இன்றும் சொல்வார். கேட்டவர் அது எங்க இருக்கு என்பார். பெரியம்மா வெற்றிலையை மடிக்க ஆரம்பித்துவிடுவார். அவருக்குப் பணம் வந்தது, மனையும் வந்தது. இழப்பீட்டுக் கோப்பில் அவர் கணக்கு முடிந்த கணக்கு. நாவல் செய்வது அந்தக் கணக்கை முடிக்க விடாமல் வைத்திருப்பது. அதைப் போய் மீட்டெடுத்தது என்று சொன்னால் நாமும் கோப்பை மூடிவிடுகிறோம். எல்லாம் புத்தகத்தில் பத்திரமாக இருக்கிறது, இனி வருத்தப்பட என்ன இருக்கிறது என்ற நிம்மதி வாசகனுக்கு வந்துவிடுகிறது.

பேச்சு வழக்கு புரியவில்லை, வேகமாகப் படிக்க முடியவில்லை என்று நண்பர்கள் புகார் சொல்கிறார்கள். நீளமான நாவல்தான், எனக்கும் சில இடங்களில் இழுத்தது. ஆனால் வழக்கை இளக்கியிருந்தால் இந்தச் சனங்கள் பொதுவான 'பாதிக்கப்பட்டோர்' ஆகியிருப்பார்கள், அரசு அறிக்கையில் வருகிற மாதிரி. போக்குவரத்துக் கழகத்தில் பேருந்துக்கு ஸ்பேனர் பிடித்துக்கொண்டே 'நடுநாட்டுச் சொல்லகராதி'யையும் தொகுத்தவர் கண்மணி குணசேகரன். நாவலை எடுக்கிறவர்கள் அதையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் நல்லது. புரியாத சொல் வரும்போது நின்று தேடுங்கள். சில சொற்கள் எங்கள் ஊரிலேயே இப்போது புழங்குவதில்லை.