ஷூ, பந்து, கறுப்பு உடல்
‘ஸ்வாகர்’ தொடரை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்குத் தேசிய அளவில் ஒரு தரவரிசை எண் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் அவன் வாங்கிய மார்க்குக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. அமெரிக்காவில் அவன் வயதில் கூடைப்பந்து ஆடும் பையன்களில் அவனுடைய உடல் எத்தனையாவது இடத்தில் வைத்து மதிக்கப்படுகிறது என்பதைச் சொல்லும் எண் அது. எண்ணை அவன் கேட்கவில்லை. ஆனால் அது வந்து ஒட்டிக்கொண்ட பிறகு அவன் அம்மா பேசுவது, கோச் அவனைப் பார்ப்பது, நண்பர்கள் அவனோடு பழகுவது எல்லாமே மாறிப்போகின்றன.

‘ஸ்வாகர்’ என்ற தொலைக்காட்சித் தொடர் இங்கிருந்துதான் கிளம்புகிறது. ரெஜி ராக் பைத்வுட் உருவாக்கிய இத்தொடர் 2021 அக்டோபரில் ஆப்பிள் டிவி பிளஸ்ஸில் தொடங்கி, 2023இல் இரண்டாம் பருவத்தோடு நிறுத்தப்பட்டது. கெவின் டுரான்ட் என்ற பெரிய ஆட்டக்காரரின் சிறுவயது அனுபவங்களிலிருந்து தூண்டுதல் பெற்றது; அவரே தயாரிப்பாளர்களில் ஒருவர். வாஷிங்டனை ஒட்டிய மேரிலாந்துப் பகுதியின் கறுப்பர் குடியிருப்புகள்தாம் களம்.

‘அமெரிக்க டிவி நாடகத்தைப் பற்றி எழுதுவதற்கு இங்கே என்ன வந்தது?’ என்று தோழர்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். கிரிக்கெட்டை வைத்துக் காலனியத்தையும் நிறத்தையும் வர்க்கத்தையும் ஒன்றாகப் படித்துக் காட்டியவர் டிரினிடாட்டின் சி.எல்.ஆர். ஜேம்ஸ். 1963இல் அவருடைய ‘பியாண்ட் எ பவுண்டரி’ வந்துவிட்டது. அதற்குப் பிறகும் விளையாட்டு அரசியலுக்கு வெளியே இருக்கிறது என்று நினைத்தால் அது நம்முடைய சோம்பல்.

2

இந்த வகைக் கதையாடலுக்கு ஒரு முன்வரலாறு உண்டு. 1978 முதல் 1981 வரை சிபிஎஸ்ஸில் வந்த ‘தி ஒயிட் ஷேடோ’வை எடுத்துக்கொள்வோம். லாஸ் ஏஞ்சலீஸில் கார்வர் என்ற உயர்நிலைப்பள்ளி. பெரும்பாலும் கறுப்புப் பையன்களைக் கொண்ட அணி. முழங்கால் காயத்தால் தொழில்முறை ஆட்டத்தை விட்டுவந்த கென் ரீவ்ஸ் என்ற வெள்ளைக்காரர் கோச்சாக வருகிறார். பையன்களுக்குப் பின்னால் எப்போதும் நிற்கப்போகும் வெள்ளை நிழல் அவர்தான் என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. அந்தக் காலத்து அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு அது துணிச்சலான தொடர் என்பதை மறுக்க வேண்டியதில்லை. கறுப்பு இளைஞர்களை ஒரு கூட்டமாக, ஆளுக்கொரு முகமும் பேச்சும் உள்ளவர்களாக வாராவாரம் வீட்டுக்குள் கொண்டுவந்தது.

ஆனால் பார்வை யாருடையது? பையன்களின் துயரம் கோச்சின் கண் வழியாகத்தான் நமக்கு வந்து சேர்கிறது. இரண்டாம் பருவத்தில் கர்ட்டிஸ் ஜாக்சன் என்ற ஆட்டக்காரன், நகரச் சாம்பியன்ஷிப் ஆட்டத்துக்கு முன்பு, ஒரு மதுக்கடைக் கொள்ளையின் நடுவில் மாட்டிக் குண்டடிபட்டுச் சாகிறான். அணி ஜெயிக்கிறது. சாவு வெற்றிக்கு உணர்ச்சிப் பின்னணியாகிவிடுகிறது. துப்பாக்கி எப்படி அந்தத் தெருவுக்கு வந்தது என்று கேட்க அந்தக் கதையில் இடமில்லை.

அதே தொடரில் ஹேவர்ட் என்ற மாணவனாக நடித்த தாமஸ் கார்ட்டர் பின்னாளில் இயக்குநராகி 2005இல் ‘கோச் கார்ட்டர்’ படத்தை எடுத்தார். கோச் இப்போது கறுப்பர். 1999இல் கலிஃபோர்னியாவின் ரிச்மண்ட் பள்ளியில், படிப்பில் பின்தங்கியதற்காக அணியை மைதானத்துக்குள் விடாமல் பூட்டிய கென் கார்ட்டரின் உண்மைக் கதை. நிழலின் நிறம் மாறியது, நிழல் போகவில்லை. ஒழுங்காக இரு, சட்டையை உள்ளே விடு, ‘சார்’ போட்டுப் பேசு, தப்பித்துக்கொள்வாய் என்பதுதான் செய்தி. உடலை ஒழுங்குக்குள் கொண்டுவரும் அதிகாரம் பற்றி ஃபூக்கோ பேசியதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம். தப்பிக்காதவன் ஒழுங்கற்றவன் என்ற தீர்ப்பும் கூடவே எழுதப்பட்டுவிடுகிறது.

இவற்றுக்கு நடுவே 1994இல் வந்தது ‘ஹூப் ட்ரீம்ஸ்’ ஆவணப்படம். சிகாகோவில் வில்லியம் கேட்ஸ், ஆர்தர் ஏஜி என்ற இரண்டு பதினான்கு வயதுப் பையன்களைப் புறநகர்க் கத்தோலிக்கப் பள்ளி ஒன்று ஆட்டத்துக்காக எடுத்துக்கொள்கிறது. ஆட்டம் எதிர்பார்த்த அளவுக்கு வராததும், கட்டணப் பாக்கியைக் காரணம் காட்டி ஆர்தர் வெளியே அனுப்பப்படுகிறான். எந்தப் புனைவும் அதுவரை சொல்லத் துணியாத கணக்கு இது.

3

‘ஸ்வாகர்’ இந்த மரபிலிருந்து எங்கே விலகுகிறது? முதலாவது, பார்வை கோச்சிடம் மட்டும் இல்லை. ஜேஸ் கார்சன் என்ற பையன், தனியாளாக அவனை வளர்க்கும் அம்மா ஜென்னா, ஒருகாலத்தில் நட்சத்திரமாவான் என்று ஊரே நம்பி ஆகாமல்போன கோச் ஐக் எட்வர்ட்ஸ் என மூன்று பேரிடமும் மாறிமாறிப் போகிறது. ஜேஸாக நடித்த ஐசாயா ஹில் நடிப்புக்குப் புதியவர், நிஜ ஆட்டக்காரர். அதனால் ஆட்டக் காட்சிகளில் கேமரா தயங்காமல் களத்துக்குள்ளேயே ஓடுகிறது. மூச்சு வாங்குவது நமக்குக் கேட்கிறது.

ஜென்னாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பிள்ளையை என்.பி.ஏ.வுக்கு அனுப்புவது என்று அவள் என்றோ முடிவுகட்டிவிட்டாள். அவளைப் பேராசைக்காரி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். 30 அணிகள், அணிக்கு 15 பேர் என்று வைத்தால் என்.பி.ஏ.வில் மொத்தம் 450 இடம். உயர்நிலைப்பள்ளிகளில் ஆடும் பையன்கள் 5 லட்சத்துக்கும் மேல். இந்தக் கணக்கு அவளுக்குத் தெரியாதா என்ன? தெரியும். அவளுக்கு முன்னால் இருக்கும் மற்ற கதவுகளின் கணக்கு இதைவிட மோசம் என்பதும் தெரியும். அவளுடைய பிடிவாதத்தை நோய்க்கூறாகக் காட்டாமல் ஒரு வாழ்வுத் தந்திரமாகக் காட்டியது இத்தொடரின் நேர்மை.

கோச் விஷயமும் அப்படித்தான். டுரான்ட்டைச் சிறுவயதில் வளர்த்தெடுத்த பயிற்சியாளர் சார்ல்ஸ் கிரெய்க் 2005இல் சுட்டுக்கொல்லப்பட்டார். வயது 35. டுரான்ட் 35ஆம் எண் சட்டையைத் தேர்ந்தது அவர் நினைவாகத்தான். தொடரில் ஐக் உயிரோடிருந்து, தோற்று, கோபப்பட்டு, திரும்பவும் பையன்களைக் கூட்டி நிறுத்துகிறான். ‘ஒயிட் ஷேடோ’ கொன்று உருக்கியது. இங்கே நிஜத்தில் செத்தவரின் இடத்தில் ஒரு உயிருள்ள ஆளை வைத்திருக்கிறார்கள். இதை நான் ஒரு அரசியல் தேர்வாகவே வாசிக்கிறேன்.

4

இனி ஷூவுக்கு வருவோம். தொடரில் சிறுவர் அணிகளைச் சுற்றி வட்டமிடும் கம்பெனியின் பெயர் ‘கிளாடியேட்டர்’. பொருத்தமான பெயர்தான். ரோமின் களங்களில் கூட்டத்துக்காகச் சண்டையிட்டவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். ஆனால் அது கற்பனைக் கம்பெனி.

நிஜத்தில் நடந்தது இதுதான். 1984இல் நைக்கி மைக்கேல் ஜோர்டனைப் பிடித்தது. அதே ஆண்டு சன்னி வக்காரோ, தேர்ந்தெடுத்த பள்ளிப் பையன்களுக்கென்று தனிப் பயிற்சி முகாம் நடத்தத் தொடங்கினார். அதன்பின் ஷூ கம்பெனிகள் கல்லூரியைத் தாண்டிப் பள்ளிக்கும், பள்ளியைத் தாண்டிக் கோடைக்கால அணிகளுக்கும் இறங்கிவந்தன. 2003இல் பள்ளியை முடித்த கையோடு லெப்ரான் ஜேம்ஸுக்கு 9 கோடி டாலர் அளவிலான ஒப்பந்தம். 2017இல் அமெரிக்க உளவுத்துறையின் விசாரணை வெளிப்பட்டு, ஆட்டக்காரர்களின் குடும்பங்களுக்கு மறைமுகமாகப் பணம் போன வழக்கில் அடிடாஸின் அதிகாரி ஒருவர் 2018இல் குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டார்.

டுரான்ட் 2007 முதல் நைக்கியின் ஆள். 2023இல் வாழ்நாள் ஒப்பந்தமும் ஆயிற்று. ஆக, தொடருக்குள் கிளாடியேட்டரைத் திட்டலாம். அதன் அதிகாரி அலோன்சோ மனசாட்சியோடு மல்லுக்கட்டலாம். நிஜப் பெயர் வராது. பிரதி எந்த இடத்தில் மௌனமாகிறதோ அங்கேதான் அதன் கருத்தியல் பேசுகிறது என்பார்கள். அமைப்பின் கேள்வி ஒரு தனிமனிதனின் குற்ற உணர்வாகச் சுருங்கிவிடுவது இந்த மௌனத்தின் விளைவு.

‘கறுப்புக் குடும்பத்துக்குப் பணம் வருகிறது, உனக்கென்ன வலிக்குது?’ என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எனக்குப் பணத்தோடு சண்டையில்லை. அமெச்சூர் என்ற புனிதச் சொல்லை வைத்துப் பல்லாண்டுகள் கல்லூரிகள் அந்தப் பையன்களின் உழைப்பில் சம்பாதித்தன. 2021 ஜூனில் உச்சநீதிமன்றம் ஆல்ஸ்டன் வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அந்தக் கட்டுப்பாட்டில் ஓட்டை போட்டார்கள். ஜூலையில் கல்லூரி ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் உருவத்தையும் விற்க அனுமதி வந்தது. வரவேண்டியதுதான். ஆனால் விற்கும் உரிமையும் விற்காமலிருக்கும் உரிமையும் ஒன்றல்ல. பதினான்கு வயதில் ஒருவன் இரண்டாவதைப் பயன்படுத்த முடியுமா என்பதே என் கேள்வி.

5

தொடரின் பலவீனமான இடமும் பலமான இடமும் கிறிஸ்டல். அவளும் கூடைப்பந்து ஆடுகிறவள்; ஜேஸின் தோழி. அவளுடைய பயிற்சியாளன் அவளைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்துகிறான். பெண் விளையாட்டில் இந்த வன்முறையைத் தொடர் மறைக்கவில்லை. நம்பிக்கைக்குரிய ஆள் என்ற முகமூடியோடு அது வருவதைச் சரியாகவே காட்டுகிறது. ஆனால் பிறகு பையன்கள் அவனைத் தேடிப்போய் அடிக்கிறார்கள். இரண்டாம் பருவத்தில் கதையின் பாரம் அந்த அடியின் மீது விழுகிறது: அது வெளியே வந்தால் பையன்களின் எதிர்காலம் என்னாகும்?

கறுப்புப் பையன் கை ஓங்கினால் அமெரிக்கச் சட்டம் அவனை என்ன செய்யும் என்ற பயம் நிஜமானது. அதை நான் சின்னதாக்கவில்லை. ஆயினும் காயம்பட்டது அவள்; கதையோ பையன்களுடையதாகிவிட்டது. அவள் உடலுக்கு நேர்ந்தது, அவர்களுடைய ஆண்மையையும் நட்பையும் சோதிக்கும் களமாகிறது. பெண்ணின் நீதி ஆண்களின் கோபம் வழியாகத்தான் வரவேண்டும் என்பது பழைய கதை. ஷூ கம்பெனியையும் போலீஸையும் இவ்வளவு கவனமாகப் பார்த்த கண்கள் இங்கே அசந்துவிட்டன.

6

இரண்டாம் பருவத்தில் அணி சிறார் தடுப்பு இல்லம் ஒன்றுக்குப் போய் உள்ளேயிருக்கும் பையன்களோடு ஆடும் எபிசோட் ஒன்று உண்டு. என் பார்வையில் முழுத் தொடரின் உச்சம் அதுதான். அதே வயது, அதே நிறம், அதே ஆட்டம். ஒருபக்கம் தனியார் பள்ளியின் சட்டை. மறுபக்கம் சிறையின் சட்டை. நடுவில் தரையில் ஒரு கோடு. ஆட்டம் நடக்கும் நேரத்தில் தரவரிசை எண்ணுக்கு அங்கே வேலையில்லை. யார் உள்ளே, யார் வெளியே என்பதைத் திறமை தீர்மானிக்கவில்லை என்று எந்த வசனமும் இல்லாமலே நமக்குப் புரிந்துவிடுகிறது. அடித்த கதை வெளியே வந்தால் ஜேஸும் நண்பர்களும் எந்தப் பக்கம் நிற்பார்கள் என்பதும் புரிகிறது.

சந்தைக்குள்ளிருந்து சந்தையைப் பேசும் பிரதி எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ‘ஸ்வாகர்’ ஒரு நல்ல அளவுகோல். ஆப்பிள் நிறுவனத்தின் திரையில், நைக்கி நட்சத்திரத்தின் தயாரிப்பில் இவ்வளவு தூரம் வந்தது. அதை ‘எல்லாம் கார்ப்பரேட் ஏமாற்று’ என்று ஒரே வரியில் தள்ளிவிடும் விமர்சனம் எனக்கு உடன்பாடில்லை. ஜென்னாவையும் அந்தத் தடுப்பு இல்லத்துப் பையன்களையும் அது சேர்த்துத் தள்ளிவிடுகிறது. கம்பெனியின் நிஜப் பெயரைச் சொல்லி, கிறிஸ்டலின் பக்கம் கேமராவை வைத்து இதே கதையை எடுக்க யாரால் முடியும், யார் பணத்தில் முடியும்? எழுதுகிறவர்களும் படம் எடுக்கிறவர்களும் இதைப் பற்றிப் பேச வேண்டும்.