கம்பும் கணக்குப் புத்தகமும்

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை இரவு, ஈப்போவுக்கு வடக்கே நாம் கணக்கெழுதிப் பிழைக்கும் தோட்டத்து மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டி, "பரதேசி" என்னும் பேசும் படத்தைக் காட்டினார்கள். படம் புதிதன்று, 2013ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளிவந்தது. ஆயினும் தோட்டத்து இளைஞர் சிலர், "நம் பாட்டன் பூட்டன் பட்ட பாடு இது, ஒவ்வொருவரும் பார்த்தே தீரவேண்டும்" என்று வற்புறுத்திக் கூட்டம் சேர்த்தனர். அழாதவர் சிலரே. நாமும் கண்கலங்கினோம் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ளுகிறோம். பின்வரும் குறைகளைக் கல்நெஞ்சன் ஒருவனின் குறைகளாக அன்பர்கள் கொள்ளாதிருப்பார்களாக.

இப்படத்திற்கு அடிப்படை ஒரு நாவல். டாக்டர் பால் ஹாரிஸ் டேனியல் என்பார் "ரெட் டீ" என்னும் பெயரால் அதனை ஆங்கிலத்தில் 1969இல் வெளியிட்டார். அவர் 1940களில் ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் வைத்தியராய்ப் பணியாற்றியவர். அங்கிருந்த முதியவர்கள் சொல்லக்கேட்டு, அவர்களுடைய இளமைக்காலத்து வால்பாறையைக் கதையாக்கினார். தோட்ட உத்தியோகஸ்தர்களுக்குச் சங்கம் அமைப்பதிலும் முன்னின்றார். இந்நூலை இரா. முருகவேள் "எரியும் பனிக்காடு" எனத் தமிழாக்கினார். ஆங்கிலப் பள்ளியில் படித்தவனாதலால் நமக்கு மூலமே முதலிற் கிட்டிற்று. தமிழ் நூல் பின்னர் கிடைத்தது. இரண்டையும் படித்தபின் படத்தைப் பார்த்தவனுக்கு ஏற்பட்ட மனக்குறையே இக்கட்டுரை.

நாவலில் கருப்பனும் வள்ளியும் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மலையேறுகிறார்கள், தாழ்த்தப்பட்ட மக்கள், கணவனும் மனைவியும் சேர்ந்தே போகிறார்கள். டைரக்டர் பாலா இதனை மாற்றினார். சாலூர் என்றொரு கிராமம், 1939ஆம் ஆண்டு, ஊரில் தண்டோரா போட்டு வீடுவீடாகச் சோறு வாங்கி உண்ணும் ராசா என்னும் வெகுளி. அவன் மட்டும் கங்காணியின் பின்னே போகிறான். அவன் காதலி அங்கம்மாள் வயிற்றுப் பிள்ளையுடன் ஊரிலேயே நிற்கிறாள். நாவலைப் படமாக்குவோன் பாத்திரங்களை மாற்றக் கூடாதென்று நாம் சொல்லவரவில்லை. கருப்பனுக்கு ராசா எவ்விதத்திலும் இளைத்தவனல்லன். அதர்வா அந்த வேஷத்தில் உயிரைக் கொடுத்திருக்கிறார். கிராமத்துப் பகுதி சற்று நீளம். நாஞ்சில்நாடனின் உரையாடல் அந்நீளத்தைப் பொறுக்கச் செய்கிறது. செழியனின் படப்பிடிப்பு நன்று. கந்தலைக் கந்தலாகவே காட்டிய உடைகளுக்காகப் பூர்ணிமா ராமசாமி தேசிய விருது பெற்றார். அதற்கு அவர் முற்றிலும் தகுதியுடையவரே.

நடைப்பயணத்தைத் தனியே சொல்லவேண்டும். நாட்கணக்கில் நடந்து செல்லும் அக்கூட்டத்தில் ஒருவன் வழியில் விழுந்துவிடுகிறான். உயிர் இன்னும் போகவில்லை. கை மேலே எழுகிறது. அவனை விட்டுவிட்டுக் கூட்டத்தை ஓட்டிச் செல்லுகிறார்கள். மண்டபத்தில் அப்போது ஒரு சத்தமுமில்லை. இவ்வொரு காட்சிக்காகவே பாலாவுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம்.

நிற்க. மலைக்கு வந்தபின் படம் எதைக் காட்டுகிறது? கம்பைக் காட்டுகிறது. அடி, உதை, ஓடியவனைப் பிடித்துக் காலின் நரம்பை அறுத்தல், பெண்டிர்மீது துரையின் கண். இவையெல்லாம் நடந்ததில்லை என்று எவர் சொல்லமுடியும்? ஆனால் ஆயிரக்கணக்கான மக்களைப் பல்லாண்டுகள் ஒரு மலையில் நிறுத்திவைக்கக் கம்பு போதாது. கம்பு பிடிக்கிறவனுக்குக் கை வலிக்கும், உறக்கம் வரும். உறங்காதது கணக்குப் புத்தகம். முன்பணம், அதன்மேல் கம்பளிக்குப் பற்று, அரிசிக்குப் பற்று, நோயாய்க் கிடந்த நாட்களுக்குப் பெயர் இல்லை, மேஸ்திரிக்குத் தரகு. நாவலை நடத்திச் செல்வது இக்கணக்கே. முன்பணம் வாங்கி வேலையை விட்டுப் போவது குற்றம் என்றே 1859ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இருந்தது. 1920களில் அச்சட்டம் நீங்கிற்று, கடன் நீங்கவில்லை. கதையை 1939க்கு நகர்த்திய டைரக்டர், அடியாளைச் சட்டத்தின் இடத்தில் நிறுத்திவிட்டார் போலும்.

கணக்குத் தீர்க்கும் காட்சி படத்தில் இல்லாமலில்லை. ஆண்டுகள் உழைத்தவன், இனி ஊர் போகலாம் என்று நெஞ்சு படபடக்க நிற்கிறான். பற்றுக்கள் ஒவ்வொன்றாய்க் கழிக்கப்படுகின்றன. முடிவில் அவனே கடன்காரன். அருமையான காட்சி. ஆனால் விரைவில் கடந்துபோகிறது. மறுபடி அழுகையும் அடியும். அந்த ஒரு காட்சியின் நிழல் மற்றெல்லாக் காட்சிகளின் மேலும் விழுந்திருக்கவேண்டும்.

இதை நாம் இத்தனை அழுத்திச் சொல்வதற்குக் காரணம், நம் உத்தியோகமே அதுதான். நமக்கு முந்திய தலைமுறையில் கிராணி என்று அழைப்பார்கள். இன்று இத்தோட்டத்தில் கித்தா மரம் ஒன்றுகூட இல்லை, யாவும் செம்பனை. ஆயினும் பழைய செக்ரோல் புத்தகங்கள் சில அலுவலக அலமாரியில் இருக்கின்றன. முத்துப்போன்ற கையெழுத்து! பாலை நிறுத்து, மெட்ரோலாக் கருவியை அதில் அமிழ்த்தி, நீர் எவ்வளவு ரப்பர் எவ்வளவு என்று பார்த்து எழுதியவை. அக்கருவியை ஒரு கோடு கூட்டியோ குறைத்தோ படித்தால் ஒரு குடும்பத்தின் அன்றைய அரிசி போயிற்று. யாரும் யாரையும் அடிக்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிகள் ஆள் கட்டி வந்தது 1938இல் இந்திய அரசாங்கம் தடை விதிக்கும்வரை நடந்தது. கங்காணிக்குத் தலைக்காசு உண்டு. அதையும் ஒரு கிராணிதான் எழுதினான். எழுதியவனும் பெரும்பாலும் நம்மைப்போல் நாலெழுத்துப் படித்தவன், மாலையில் பத்திரிகை வாசிக்கிறவன், தன்னை நல்லவன் என்று நம்பியிருந்தவன்.

படம் முடிந்து விளக்கேற்றியதும், முன்வரிசையிலிருந்த பாட்டி ஒருவரிடம், "உங்கள் காலத்திலும் இப்படித்தான் அடித்தார்களா?" என்று ஒரு பையன் கேட்டான். பாட்டி சற்று யோசித்து, "அடிச்சதும் உண்டுப்பா. ஆனா எங்கப்பா பயந்தது அடிக்கு இல்லே, கடைக்காரன் சிட்டைக்கு" என்றார். பையன் முகத்தில் ஏமாற்றமே தெரிந்தது. நம்மைப் பார்த்து, "ஐயா, சிட்டைன்னா என்ன?" என்றான்.

அடுத்தது டாக்டர் விஷயம். நாவலில் ஆபிரகாம் என்னும் டாக்டர் வருகிறார். மலைக்காய்ச்சலும் கழிச்சலும் கூலிகளை வாரிக்கொண்டு போவதைக் கண்டு, நோய்க்குக் காரணம் விதியன்று, அழுக்கு நீரும் அசட்டையும் என்று எடுத்துரைத்து, மேலிருப்போரோடு மல்லுக்கு நிற்கிறார். டேனியல் தம் அநுபவத்தின் சாறெடுத்து வார்த்த பாத்திரம். படத்திலோ கொள்ளைநோய்க்கு நடுவே ஒரு டாக்டர் தம் வெள்ளைக்கார மனைவியுடன் வந்திறங்கி, ஆடிப்பாடி மதம் மாற்றுகிறார். பார்த்தவர் சிரிக்கின்றனர். மதம் பரப்பினோர் மலைத்தோட்டங்களுக்கு வந்ததில்லை என்று நாம் வாதாடவில்லை. எந்த மதத்தாரின் வியாபாரத்தையும் கண்டிக்க நமக்குத் தயக்கமுமில்லை. ஆனால் ஒரு வைத்தியர் எழுதிய நூலிலிருந்து, நோயை நோயாகக் கண்ட ஒரே மனிதரை எடுத்துக் கோமாளியாக்கினால், கூலிகள் ஏன் செத்தார்கள் என்ற கேள்விக்குப் படத்தில் பதில் சொல்ல ஆளில்லாமற் போகிறது. வெளிவந்தபோதே இதுபற்றிப் பலத்த கண்டனம் எழுந்தது. அதிற் பெரும்பகுதி மதத்தைப் பற்றியது. நமது வருத்தம் மருந்தைப் பற்றியது.

சாதியும் அப்படியே. தாழ்த்தப்பட்டோரையே ஏன் கங்காணிகள் தேடிப் போனார்கள் என்பது நாவலில் தெளிவு: ஊரில் நிலமில்லை, மானமில்லை, ஆகவே மலை சொர்க்கமாய்த் தோன்றிற்று. படத்துச் சாலூரோ ஏழ்மையிலும் கூடிக்களிக்கும் ஒரு குடும்பம்போல இருக்கிறது. அப்படிப்பட்ட ஊரைவிட்டு எவன் போவான்?

விளம்பர விஷயம் ஒன்றுண்டு, சொல்லக் கூச்சமாயிருக்கிறது. படம் வருமுன் ஒரு துண்டுப்படம் வெளியிட்டார்கள். அதில் டைரக்டர் கம்பால் நடிகர்களை அடித்து நடிப்புச் சொல்லித் தருகிறார். உலகெங்கும் வசைமாரி பொழிந்தது. கம்பு போலிக் கம்பு, அது நடித்துக்காட்டும் முறை என்று பின்னர் விளக்கம் வந்தது. இருக்கலாம். ஆயின் அடிபட்டவர் கதையை விற்க, அடிக்கும் காட்சியையே கடைத்தெருவில் தொங்கவிடலாம் என்று தோன்றியதே, அதைத்தான் நாம் கவனிக்கிறோம்.

கடைசிக் காட்சியில் அங்கம்மாளும் குழந்தையும் அதே மலைக்குக் கொண்டுவரப்படுகிறார்கள். ராசா உச்சியில் நின்று அலறுகிறான். நாம் அப்போது நினைத்தது, மறுநாட்காலை அக்குழந்தையின் பெயரைப் புத்தகத்தில் எழுதப்போகிற ஒருவனைப் பற்றி.

"எரியும் பனிக்காடு" நம்மிடம் ஒரு பிரதி இருக்கிறது. சிட்டை என்னவென்று கேட்ட பையன் அதை வாங்கிப்போயிருக்கிறான்; அவன் திருப்பித் தந்தபின் வேண்டுவோர் கேட்டுப் பெறலாம். அட்டை சிறிது கிழிந்தது. முதற்பக்கத்தில் நம் பெயர் எழுதியிருக்கும்.