அநீதியும் குழந்தைப் புத்தகங்களும்

குழந்தைப் புத்தகங்களை விமர்சனம் செய்வது நம்மிடையே வழக்கமில்லை. படம் இருந்தால் போதும், கடைசியில் ஒரு நீதியும் இருந்துவிட்டால் இன்னும் நல்லது என்று நினைத்து வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். பெரியவர்களுக்கான நாவலில் ஒரு பாத்திரம் பொய்யாக இருந்தால் பக்கம் பக்கமாகக் கண்டிக்கிற நான்கூட, குழந்தைப் புத்தகத்தில் இருக்கும் பொய்யைக் கண்டுகொண்டதில்லை. சென்ற மாதம் என் பேத்தி கேட்ட ஒரு கேள்வி இந்த அசிரத்தையைக் கொஞ்சம் கலைத்துவிட்டது.

அவளுக்கு எட்டு வயது. ஈரானிய எழுத்தாளர் ஸமத் பெஹ்ரங்கியின் சின்னக் கறுப்பு மீன் கதையை, ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். முடிந்ததும், "தாத்தா, அந்த மீன் செத்துப்போச்சா?" என்று கேட்டாள். "இல்லை, வீட்டுக்குத் திரும்பிப் போயிடுச்சு" என்று சொல்ல வாய்வரை வந்துவிட்டது. சொல்லவில்லை. ஆனால் சொல்ல வந்தேன் என்பது உண்மை. ஏன் அப்படிச் சொல்ல வந்தேன் என்று யோசித்ததில்தான் இந்தக் கட்டுரை பிறந்தது.

நீதி என்றால் என்ன என்று எந்தக் குழந்தைக்கும் சொல்லத் தெரியாது. அநீதி என்றால் என்ன என்று எல்லாக் குழந்தைக்கும் தெரியும். தம்பிக்குப் பெரிய துண்டும் தனக்குச் சின்னத் துண்டும் விழுந்தால் உடனே தெரிந்துவிடுகிறது. செய்யாத குற்றத்துக்கு அடி விழுந்தால் அது வாழ்நாள் முழுவதும் மறப்பதில்லை. ஆகையால், அநீதியைப் பற்றிய புத்தகம் குழந்தைக்குப் புதிதாக எதையும் கற்பிக்க வேண்டியதில்லை. தெரிந்த ஒன்றைப் பெரியவர்கள் மழுப்பாமல் ஒப்புக்கொள்கிறார்களா என்றுதான் குழந்தை பார்க்கிறது.

நமக்குச் சிறு வயதில் கிடைத்த நீதிக்கதைகளைப் பாருங்கள். மனுநீதிச் சோழன் கதையைக் கேட்காத தமிழ்க் குழந்தை இராது. இளவரசனின் தேர்க்காலில் கன்று மாண்டது. பசு வந்து ஆராய்ச்சி மணியை அடித்தது. அரசன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். பெரிய கதை, சந்தேகமில்லை. ஆனால் அது அரசனின் கதை. முறையிட்டது வாயில்லாப் பிராணி. அதுவும் ஒருமுறை மணியை இழுத்ததோடு சரி. அரண்மனையில் மணி இருக்கும், அதை அடித்தால் உள்ளே ஒரு நல்லவன் இருப்பான் என்ற நம்பிக்கையைத்தான் அது குழந்தைக்குக் கொடுக்கிறது. மணி இல்லாத அரண்மனை வாசலில் என்ன செய்வது என்று அது சொல்லவில்லை. அதைச் சொன்னவள் கண்ணகி. வாயில் காவலனைத் தாண்டிப் போய், அரசன் முகத்துக்கு நேரே வழக்காடி, சாட்சியத்தையும் உடைத்துக் காட்டியவள். ஆனால் எனக்குப் பள்ளிக்கூடத்தில் அதைக் கற்பின் கதையாகத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். வழக்காடியது எங்கோ மறைந்துவிட்டது.

இந்தக் காலத்துப் புத்தகங்கள் இந்தக் குறையைத் தீர்த்துவிட்டன என்று சொல்வார்கள். ஒருவகையில் உண்மைதான். இப்போது எதிர்த்து நிற்பவர்களைப் பற்றிப் படப் புத்தகங்கள் ஏராளமாக வருகின்றன. அவற்றில் உலகமெங்கும் திரும்பத் திரும்பச் சொல்லப்படுவது ரோஸா பார்க்ஸ் கதை. அமெரிக்காவில் மான்ட்கோமரி நகரத்தில், 1955 டிசம்பர் 1ஆம் தேதி, வெள்ளைக்காரருக்காக எழுந்து இடம் கொடுக்க மறுத்துக் கைதான கறுப்பினப் பெண். நான் பார்த்த சின்னப் புத்தகங்களில் கதை எப்படிப் போகிறது என்றால், அவர் ஒரு தையல்காரி, அன்று வேலை முடிந்து களைத்திருந்தார், எழுந்திருக்கவில்லை, சட்டம் மாறிவிட்டது. நாலு பக்கத்தில் ஒரு யுகம் முடிந்துவிடுகிறது.

நடந்தது வேறு. அவர் 1943 முதலே அந்த ஊரில் கறுப்பினத்தாரின் உரிமைச் சங்கத்துக்குக் காரியதரிசியாக உழைத்தவர். அவருக்கு ஒன்பது மாதம் முன்னால், அதே ஊரில், அதே காரணத்துக்காக, கிளாடெட் கால்வின் என்ற பதினைந்து வயதுப் பள்ளி மாணவி கைதாகியிருந்தாள். பார்க்ஸ் கைதான பிறகு அந்த ஊர்க் கறுப்பின மக்கள் 381 நாட்கள் பஸ்ஸைப் பகிஷ்கரித்து நடந்தும் பிறர் காரில் ஏறியும் வேலைக்குப் போனார்கள். பார்க்ஸுக்கு வேலை போயிற்று. 1957ல் ஊரையே விட்டு டெட்ராய்ட்டுக்குப் போக வேண்டியதாயிற்று. இதையெல்லாம் விட்டுவிட்டு, களைத்துப்போன ஒரு நல்ல பெண்மணி உட்கார்ந்தே இருந்தாள் என்று சொன்னால் குழந்தைக்கு என்ன தெரியும்? எதிர்ப்பது சுலபம், உட்கார்ந்திருந்தால் போதும் என்று தெரியும். நாளை அது வகுப்பில் எழுந்து நின்று நியாயம் கேட்டு, நாலு பேரின் சிநேகத்தை இழந்து வீட்டுக்கு வரும்போது, புத்தகம் தன்னை ஏமாற்றிவிட்டது என்று நினைக்கும். அப்படி நினைத்தால் அது தப்பில்லை.

இத்தகைய புத்தகங்களை அளக்க என்னிடம் இருக்கும் அளவுகோல் இது ஒன்றுதான். எதிர்த்து நிற்பவன் கொடுக்கும் விலையைப் புத்தகம் சொல்கிறதா, மறைக்கிறதா?

விலையைச் சொன்னால் குழந்தை பயந்துவிடும் என்பது பெரியவர்களின் வாதம். அதற்கு ஜியானி ரொடாரியின் சிப்போலினோ நல்ல பதில். 1951ல் வெளிவந்த இத்தாலிய நாவல். பாத்திரங்கள் எல்லாம் காய்கறிகளும் பழங்களும். கூட்டம் தள்ளியதால் கிழவர் வெங்காயம் எலுமிச்சை இளவரசனின் காலை மிதித்துவிடுகிறார். ஆயுள் தண்டனை! அவர் மகன் சின்ன வெங்காயம் சிறைக்குப் போய்ப் பார்க்கிறான். சிறைக்குள் இருப்பவர்கள் திருடர்கள் என்று நினைத்தவனுக்கு, இந்த ராஜ்யத்தில் நல்லவர்கள்தாம் உள்ளே இருக்கிறார்கள் என்று அப்பா புரிய வைக்கிறார். இன்னொரு இடத்தில், ஆயுள் முழுவதும் ஒவ்வொரு செங்கல்லாகச் சேர்த்து, உட்கார மட்டும் இடமிருக்கிற ஒரு வீட்டைக் கட்டிக்கொண்ட ஒரு கிழவரை, நிலம் சீமாட்டிகளுடையது என்று சொல்லி வெளியேற்ற வருகிறார் தக்காளி. கோபத்தில் பையனின் தலைமயிரைப் பிடித்து இழுத்ததும் தக்காளியின் கண்ணில் நீர் கொட்டுகிறது. வெங்காயமல்லவா! என் பேத்தி இந்த இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் சிறையை அவள் மறக்கவில்லை. "அவங்க அப்பா எப்ப வெளியே வருவார்?" என்று ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் கேட்டுக்கொண்டே இருந்தாள். சிரிப்பும் சிறையும் ஒரே கதையில் குழந்தைக்குத் தாங்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

ரொடாரியிடம் ஒரு குறை உண்டு. கடைசியில் கோட்டை குழந்தைகளுக்குச் சொந்தமாகிவிடுகிறது. வில்லன்களுக்கு எல்லாம் சரியாகக் கணக்குத் தீர்க்கப்படுகிறது. அவர் கம்யூனிஸ்டுக் கட்சிக்காரர்; வெற்றி நிச்சயம் என்று நம்பினார். அந்த நம்பிக்கையை நான் பழிக்கவில்லை. கதை முடிகிற அவசரத்தில் விலை கொஞ்சம் குறைந்துவிடுகிறது என்றுதான் சொல்கிறேன்.

போலந்துக்காரர் யானுஷ் கோர்ச்சாக்கிடம் அந்த அவசரம் இல்லை. 1923ல் அவர் எழுதிய 'மாட் அரசன்' கதையில், தகப்பன் இறந்ததால் ஒரு சிறுவன் பட்டத்துக்கு வருகிறான். மந்திரிகளை மீறிச் சீர்திருத்தம் செய்யப் பார்க்கிறான். குழந்தைகளுக்கு ஒரு பார்லிமெண்ட் வைக்கிறான். பெரியவர்கள் பள்ளிக்கூடம் போக, குழந்தைகள் நாட்டை நடத்த, எல்லாம் குழம்பிப்போகிறது. பகைவர்கள் பிடித்துக்கொண்டு மரண தண்டனை விதித்து, கடைசி நிமிஷத்தில் தீவாந்தர சிட்சையாக மாற்றுகிறார்கள். நல்ல எண்ணமும் தவறு செய்யும், நல்லவனும் தோற்பான் என்பதைக் குழந்தைக்கு இவ்வளவு நேராகச் சொன்ன புத்தகம் வேறு எனக்குத் தெரியாது. கோர்ச்சாக் டாக்டர், வார்சாவில் யூத அநாதைக் குழந்தைகளுக்கு விடுதி நடத்தியவர். அந்த விடுதியில் குழந்தைகளே நீதிபதிகளாக ஒரு கோர்ட் இருந்தது. அதில் அவரே குற்றம் சாட்டப்பட்டு நின்றிருக்கிறார். 1942 ஆகஸ்டில் நாஜிகள் அந்தக் குழந்தைகளைக் கொலை முகாமுக்குக் கொண்டுபோனபோது அவரும் கூடவே போனார். சுமார் 200 குழந்தைகள். குழந்தைக்குப் பொய் சொல்லாத மனிதர் எப்படிப்பட்டவர் என்று இதிலிருந்து தெரிகிறது.

இனி மீன் கதைக்கு வருகிறேன். பெஹ்ரங்கி 1939ல் தப்ரீஸில் பிறந்தவர். அஜர்பைஜான் மாகாணத்துக் கிராமங்களில் பள்ளிக்கூட வாத்தியார். வீட்டில் துருக்கி பேசும் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாரசீகத்தில் பாடம் நடத்த வேண்டியிருந்தது. பாடப் புத்தகத்தில் அந்தப் பிள்ளைகளின் வாழ்க்கையே இல்லை என்று கட்டுரைகள் எழுதினார். மீன் கதை 1968ல் வெளிவந்தது. அதே வருஷம் அராஸ் ஆற்றில் மூழ்கி இறந்தார், வயது 29. ஷாவின் ரகசியப் போலீஸ் செய்த வேலை என்று ஜனங்கள் நம்பினார்கள். விபத்துதான் என்று சொல்பவர்களும் உண்டு.

கதை எளிமையானது. ஓடை எங்கே போய் முடிகிறது என்று பார்க்க வேண்டும் என்கிறது குட்டி மீன். தாய் தடுக்கிறாள். அண்டை அயலார் கொன்றுவிடுவோம் என்கிறார்கள். தப்பித்துக் கிளம்பி, தவளையையும் நண்டையும் பெலிக்கனையும் கடந்து, கடலைக் கண்டுவிடுகிறது. பிறகு ஒரு நாரை அதை விழுங்கிவிடுகிறது. நாரையின் வயிற்றில் இன்னொரு பொடி மீன் அம்மாவை நினைத்து அழுதுகொண்டிருக்கிறது. அதை வெளியேற்றிவிட்டு, பல்லி கொடுத்த கத்தியால் நாரையைக் குத்துகிறது கறுப்பு மீன். நாரை விழுகிறது. பொடி மீன் பிழைக்கிறது. கறுப்பு மீன் என்ன ஆயிற்று என்று தெரியவில்லை.

குறைகளைச் சொல்லிவிடுகிறேன். கத்தி எனக்குப் பிடிக்கவில்லை. கடலின் மேல்பரப்பில் நீந்தும்போது அந்த மீன் சாவைப் பற்றி நினைக்கும் இடத்தில் மீன் மறைந்து ஆசிரியர் பேசுகிறார். எட்டு வயதுக் குழந்தைக்குச் சாகும் தைரியத்தைப் புகழ்ந்து சொல்வது எனக்குச் சம்மதமில்லை. ஆனால் முடிவு இந்தக் குறைகளை மன்னிக்க வைக்கிறது. இந்தக் கதையைச் சொல்வது ஒரு கிழட்டு மீன். கேட்பவை அதன் பன்னீராயிரம் குஞ்சுகள். கதை முடிந்ததும் 11,999 குஞ்சுகள் தூங்கிவிடுகின்றன. ஒரு சின்னச் சிவப்பு மீனுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. இரவெல்லாம் கடலையே நினைத்துக்கொண்டிருக்கிறது.

இவ்வளவுதான் ஒரு புத்தகத்தால் முடியும். பன்னீராயிரத்தில் ஒன்று. அந்த ஒன்றும் அன்றிரவு புறப்பட்டுவிடவில்லை, விழித்திருந்தது, அவ்வளவே. புத்தகம் எழுதுகிறவன் தன் சக்தியை இவ்வளவு அடக்கமாகக் கணக்குப் போட்டதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

என் கதையையும் ஒன்று சொல்ல வேண்டும். நான் நாலாம் வகுப்புப் படிக்கும்போது, வாத்தியாரின் மேஜையிலிருந்து பேனா ஒன்று காணாமல் போயிற்று. வகுப்பிலேயே ஏழையான பையனைப் பிரம்பால் அடித்தார்கள். எடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை. அந்த வருஷம் எனக்கு நன்னடத்தைக்குப் பரிசாக ஒரு நீதிக்கதைப் புத்தகம் கிடைத்தது. அதில் மனுநீதிச் சோழன் கதையும் இருந்தது. மனப்பாடமாகப் படித்தேன். இரவில் நன்றாகவும் தூங்கினேன்.

பேத்தி கேட்ட கேள்விக்கு, "தெரியலை அம்மா, செத்துப்போயிருக்கலாம்" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்தக் குட்டி மீன் தப்பிச்சுது இல்லே?" என்று கேட்டாள். தப்பித்தது என்றேன். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வெகு நேரம் புரண்டுகொண்டே இருந்தாள்.

அந்த மாதிரிப் புத்தகம் நாலாம் வகுப்பில் என் கையில் இருந்திருந்தால் நான் எழுந்து உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று இன்று சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. தூங்கியிருக்க மாட்டேன் என்று மட்டும் நினைக்கிறேன்.