கவாத்துக்குப் பின் 120 நாள்

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் பார்க்கப் போகிறீர்கள் என்றால், தோட்டக்காரருக்குப் போன் போட்டதும் கேட்க வேண்டியது இது: "கவாத்து பண்ணி எத்தனை நாளாச்சுண்ணே?" எண்பது என்றால் காய் அப்போதுதான் நிறம் ஏறத் தொடங்கியிருக்கும். நூற்றுப் பத்து என்றால் ஒரு வாரம் பொறுக்கலாம். நூற்றிருபது என்றால் மறுநாள் விடிவதற்குள் கிளம்பிவிட வேண்டும்.

அடுத்த தோட்டக்காரரிடம் கேட்டால் வேறு விடை வரும். நடுவில் இருப்பது ஒரு வரப்புதான். இந்தப் பக்கம் கூடைகளில் பழம் ஏறிக்கொண்டிருக்கும், அந்தப் பக்கம் கொடி பூத்து நிற்கும். குளிர் நாட்டுத் திராட்சைத் தோட்டங்களில் காணக் கிடைக்காத காட்சி இது. இங்கே தோட்டம் தேர்ந்தெடுக்கும் கலையே இதிலிருந்துதான் தொடங்குகிறது.

இந்தக் கலைக்கான அளவுகோலைச் சொல்ல முதலில் ஸ்பெயின் வரை போய் வர வேண்டும். அங்கே போகும் நம்மவர்கள் இப்போது பார்சிலோனாவோடு நிற்பதில்லை. கட்டலோனியாவின் ஒயின் நாட்டுக்கும் ஒரு நாள் ஒதுக்குகிறார்கள். எந்தச் சுற்றுலாவை எடுப்பது, எங்கே ருசிப்பது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே அளவுகோல்தான் உண்டு. அந்த ஒயினின் கைவேலை எந்த இடத்தில் நடக்கிறது என்று பாருங்கள், அந்த இடத்துக்குப் போங்கள். பார்சிலோனாவுக்குப் பக்கத்தில் உள்ள பெனெதெஸ் வட்டாரத்தில், சான்ட் சதுர்னி த'அனோயா என்ற ஊரில் காவா செய்கிறார்கள். 1872இல் கொதோர்னியூ குடும்பத்தின் ஜோசெப் ரவெந்தோஸ் தொடங்கிவைத்த நுரைக்கும் ஒயின் அது. ஷாம்பெயின் போலவே புட்டிக்குள் இரண்டாம் முறை புளிக்க வைத்துச் செய்வது. சாதாரணக் காவாவே குறைந்தது 9 மாதம் புட்டியில் கிடக்க வேண்டும், கிரான் ரெசெர்வா என்றால் 30 மாதம். இந்த வேலை முழுக்கத் தரைக்கு அடியில், இருண்ட நிலவறையில் நடக்கிறது. அங்கே போய்த் தோட்டத்தில் வெயில் காய்ந்துகொண்டிருந்தால் பாதி விஷயம் தவறிப்போகும்.

தெற்கே பிரியொராட் மலைநாட்டில் நிலைமை நேர் எதிர். 1194இல் கார்த்தூசியத் துறவிகள் ஸ்காலா தெய் மடத்தை நிறுவி, கொடி வளர்ப்பை நிலைநாட்டிய இடம் அது. மண் என்று சொல்லவே முடியாது, உடைந்த கரும்பலகைக் கல். லிகொரேயா என்கிறார்கள். அந்தச் சரிவில் கர்னாச்சா, கரின்யேனா கொடிகள் பந்தலும் கம்பியும் இல்லாமல் குட்டைச் செடிகளாக நிற்கின்றன. வயதான கொடியில் ஒரு கிலோ பழம் தேறினால் பெரிது. அங்கே நிலவறையைச் சுற்றிக் காட்டுகிறேன் என்று அழைப்பவரை விட்டுவிட்டு, சரிவில் ஏற்றிவிடுகிறவரைப் பிடிக்க வேண்டும். கால் வலிக்க ஏறி இறங்கிய பிறகு குடித்தால்தான் அந்த ஒயினின் இறுக்கம் நாக்குக்குப் புரியும். ஒரே நாளில் மூன்று ஒயின் ஆலை காட்டும் பேருந்துச் சுற்றுலாக்களை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. மூன்றாவது இடத்தில் நாக்கு மரத்திருக்கும், காதும் மூடியிருக்கும்.

இதே அளவுகோலைக் கம்பத்துக்குக் கொண்டுவந்தால் விடை கவாத்துக் கத்திரியில் போய் நிற்கிறது.

கட்டலோனியாவில் கொடி குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்குகிறது. வசந்தத்தில் துளிர்த்து, செப்டம்பர் வாக்கில் பழம் தருகிறது. வருடத்துக்கு ஒரே அறுவடை. அதனால்தான் புட்டியில் அச்சிட்ட ஆண்டுக்கு அவ்வளவு மதிப்பு. நம் பள்ளத்தாக்கில் கொடியை உறங்க வைக்கும் குளிர் கிடையாது. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும். நடுவில் சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று நீளும் நிலம். 1895இல் பென்னிகுயிக் முடித்த பெரியாற்று அணை மேற்கே ஓடிய ஆற்றைக் கிழக்கே திருப்பியதிலிருந்து தண்ணீருக்கும் வழி உண்டு. விட்டால் கொடி ஆண்டு முழுக்கத் தழைத்துக்கொண்டேதான் இருக்கும், காய்க்காது. அதற்குக் குளிர்காலத்தை மனிதக் கைதான் கொடுக்க வேண்டும். கவாத்து என்பது அதுதான். வெட்டிய அன்று கொடிக்கு மார்கழியும் தையும் முடிந்துவிடுகிறது, மறுநாளிலிருந்து அதற்கு வசந்தம்.

அந்த வேலையை நின்று பார்த்திருக்கிறேன். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, கல்தூண்களில் இழுத்துக் கட்டிய கம்பிப் பந்தல். கைகளைத் தூக்கியபடியே நாள் முழுவதும் வேலை. வெட்டுகிறவர் ஒவ்வொரு குச்சியையும் விரலால் ஒருமுறை உருட்டிப் பார்க்கிறார். பென்சில் கனத்துக்கு முற்றி, பட்டை பழுப்பேறியிருந்தால் நாலு கண், அதாவது மொட்டு, விட்டு வெட்டு. அந்தக் கண்ணில் காய் வரும். மெலிந்திருந்தால் ஒரு கண், இரண்டு கண்ணோடு நிறுத்தம். அதில் இந்தப் போகம் காயில்லை, அடுத்த போகத்துக்குக் குச்சி வளர வேண்டும். எந்தக் குச்சி இப்போது கொடுக்கும், எது பிறகு கொடுக்கும் என்று ஒரு நொடியில் தீர்ப்பு. வெட்டுவாயிலிருந்து சொட்டுச் சொட்டாக நீர் இறங்கி அவர் தோளை நனைக்கிறது. அது வேர் விழித்திருப்பதன் அடையாளம். பத்துப் பன்னிரண்டு நாளில் கண் வெடிக்கும். பிரியொராட்டின் நல்ல ஒயின் செய்பவர்களிடம் நான் மதிக்கும் தெளிவு இந்தக் கையிலும் இருக்கிறது. இதைப் பார்க்காமல் பழத்தை மட்டும் வாங்கித் திரும்புகிறவர்களுக்காக எனக்கு உண்மையாகவே வருத்தம்தான்.

இந்தப் பழம் பன்னீர்த் திராட்சை. உலகம் மஸ்கட் ஹாம்பர்க் என்று அழைக்கும் வகை. கம்பம் பன்னீர் திராட்சை என்ற பெயரில் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பது அதனோடு சேர்த்துச் சொல்லப்படும் வரலாறு. தமிழ்நாட்டில் விளையும் மஸ்கட்டில் 85 விழுக்காடு இந்தப் பள்ளத்தாக்கிலிருந்து வருவதாகவும் சொல்கிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது இதன் பெற்றோர் கதை. ஒரு பக்கம் பிளாக் ஹாம்பர்க். லண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768இல் நட்டு, இன்றும் காய்த்துக்கொண்டிருக்கும் புகழ்பெற்ற பெருங்கொடி அந்த வகைதான். மறுபக்கம் மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா, மத்தியதரைக் கடலோரம் எங்கும் பரவிய பழைய வாசனைத் திராட்சை. கட்டலோனியாவிலும் அதை வளர்க்கிறார்கள். டோரஸ் நிறுவனத்தின் வின்யா எஸ்மெரால்தா என்ற வெள்ளை ஒயினில் அது இருக்கிறது. அதைக் குடித்த தேனிக்காரர் ஒருவர் புட்டியை மூக்கருகே கொண்டுபோன உடனே நம்ம ஊர்ப் பழ வாசனை என்றார். உறவு இருக்கிறது, வாசனை வரத்தானே செய்யும்.

மத்தியதரை ஒயினுக்கும் இந்தப் பள்ளத்தாக்கின் தண்ணீர் போய்ச் சேரும் வைகைக்கும் இன்னும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. சுருளியாறும் முல்லையாறும் சேரும் வைகை, ராமநாதபுரம் கடற்கரையில் அழகன்குளம் அருகே முடிகிறது. அங்கே அகழ்ந்தபோது ரோமானிய ஆம்போரா சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலைப் பாண்டியன் அருந்துவதாக நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். வைகையின் வாயில் ஒயின் வந்து இறங்கியது, பல நூற்றாண்டு கழித்து அதே வைகைக்குத் தண்ணீர் தரும் மலையடிவாரத்தில் திராட்சை வேர்விட்டது.

எப்படி ருசிப்பது? காலையில், வெயில் ஏறும் முன். குலையை முதலில் பறிக்காமல் பந்தலடியில் நின்றபடி பாருங்கள். பழத்தின் மேல் சாம்பல் பூத்தது போன்ற மெழுகுப் படலம் கலையாமல் இருக்க வேண்டும். அது பழத்தின் இயற்கைக் கவசம். கலைந்திருந்தால் அந்தக் குலையைப் பலர் தொட்டுவிட்டார்கள். குலை மேலிருந்து கீழாகப் பழுக்கிறது. தோளில் உள்ள பழம் எப்போதும் இனிக்கும், அதைக் கொடுத்து விற்பது வியாபாரத் தந்திரம். நுனியில் தொங்கும் கடைசிப் பழத்தைக் கேளுங்கள். அது இனித்தால் குலை முழுவதும் தேறியது. திராட்சை பறித்த பிறகு பழுக்காது, வீட்டில் வைத்தால் இனிப்புக் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மருந்து அடித்து எத்தனை நாள் என்றும் கூச்சப்படாமல் கேட்டுவிட்டு, கழுவியே சாப்பிடுங்கள். நல்ல விவசாயி அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்க மாட்டார். போர்டோ கலவை அடித்த நாளிலிருந்து அவர் கணக்கு வைத்திருப்பார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்த நீலக் கரைசலே 1880களில் பிரான்சின் போர்டோ தோட்டங்களில் பிறந்ததுதான்.

வாயில் போட்டதும் விழுங்காதீர்கள். முன்பல்லால் தோலைக் கிழித்தால் சதை வழுக்கிக்கொண்டு வரும், இனிப்பு முதலில், பின்னாலேயே ஒரு மெல்லிய புளிப்பு. எல்லோரும் அங்கேயே நிறுத்தித் தோலைத் துப்பிவிடுகிறார்கள். பன்னீரின் உயிர் தோலில் இருக்கிறது. சதை போன பிறகு தோலை மெல்ல மென்று மூக்கு வழியே மூச்சு விட்டுப் பாருங்கள். ரோஜா மணம் அப்போதுதான் எழும். ரோஜாவில் உள்ள ஜெரானியாலும், லினலூலும் மஸ்கட் வகைகளின் தோலிலும் தோலை ஒட்டிய சதையிலும் தங்கியிருக்கின்றன. ஐஸ்பெட்டியில் வைத்த பழத்தில் இது எழாது, குளிர்ச்சி மணத்தை அமுக்கிவிடும். விதை கொஞ்சம் கசக்கட்டும், அதுவும் ருசியின் பாகம். விதையில்லாதது வேண்டுமென்றால் ஓடைப்பட்டிப் பக்கம் போகலாம். நல்ல பழம்தான், ஆனால் இந்த மணம் அதில் இல்லை.

போகத்திலும் வித்தியாசம் உண்டு. மார்கழி, தை வாக்கில் கவாத்து பண்ணி சித்திரை, வைகாசியில் எடுக்கும் கோடைப் பழம் என் கட்சி. வெயிலில் சர்க்கரை நன்றாக ஏறும். வைகாசி, ஆனியில் வெட்டி ஆவணி வாக்கில் எடுப்பது மழையிடம் மாட்டிக்கொள்கிறது. பழுக்கும் நேரத்தில் நாலு நாள் மழை பெய்தால் தோல் வெடித்து இனிப்பு நீர்த்துவிடும். ஊர் என்று கேட்டால் சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ராயப்பன்பட்டி என்று வரிசையாக இருக்கின்றன, எல்லாமே நல்ல ஊர்கள். நாள் சரியாக இருந்தால் ஊர் இரண்டாம்பட்சம்.

ஒயின் எங்கே என்று கேட்பீர்கள். தேனி மாவட்டத்தில் ஹில் ஜில் என்ற ஆலை உள்ளூர்த் திராட்சையிலிருந்து ஒயின் செய்திருக்கிறது. ஆனால் நாசிக்கில் சூலா ஒயின் நிறுவனம் தோட்டத்து நடுவே ருசிக்கூடம் வைத்துக் கூட்டத்தை இழுத்தது போன்ற வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. பன்னீர் ஒயினுக்கு ஆகாத பழம் என்று சிலர் தள்ளிவிடுவதை நான் ஏற்கமாட்டேன். சீனாவின் தியான்ஜினில் 1980இல் பிரெஞ்சுக்காரர்களோடு கூட்டாகத் தொடங்கிய டைனஸ்டி ஆலை, முதலில் இதே மஸ்கட் ஹாம்பர்க்கை வைத்துத்தான் ஒயின் செய்தது. நிறமும் துவர்ப்பும் குறைவு என்பது மெய். அதனால் கனத்த சிவப்பு ஒயினாக்க முயலக்கூடாது. இளஞ்சிவப்பில், லேசான இனிப்போடு, புளிக்கும்போது சூடேற விடாமல் செய்து, மணம் பறந்துபோகும் முன் ஓரிரு ஆண்டுக்குள் குடித்துவிட வேண்டியது. இன்னொரு தடையும் உண்டு. ஹெக்டேருக்கு 30 டன் என்பது பன்னீருக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் விளைச்சல். தின்னும் பழத்துக்கு அது சரி. ஒயினுக்கு அவ்வளவு சுமந்த கொடியின் சாறு நீர்த்துப்போகும். பாதிக் குலையைப் பிஞ்சிலேயே கிள்ளிப்போட ஒரு விவசாயிக்கு மனம் வர வேண்டுமென்றால், மீதிப் பாதிக்கு இரட்டை விலை கிடைக்க வேண்டும். ஆனைமலையன்பட்டி திராட்சை ஆராய்ச்சி நிலையம் எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் அந்த விலையை வாங்குகிறவர்தான் தர முடியும்.

அப்படி ஒரு பன்னீர் ஒயின் வரும் என்றால், புட்டியில் ஆண்டை மட்டும் போட்டு நிறுத்தக் கூடாது என்பது என் ஆசை. இரண்டு வருடத்தில் ஐந்து போகம் எடுக்கும் நாட்டில் ஆண்டு என்ன சொல்லும்? தோட்டம் இருக்கும் ஊர், கவாத்து பண்ணிய தேதி, அறுத்த தேதி மூன்றும் அச்சிடப்பட வேண்டும். குடிப்பவர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும், அவசரப்பட்டு நூறாம் நாளில் அறுத்த பழமா, நின்று பழுத்ததா என்று.

அதுவரை பந்தலடிதான் நமக்கு ருசிக்கூடம். ஒரு நாளுக்கு ஒரு தோட்டம் போதும். அறுவடைக்கு ஒருமுறை போனவர், கவாத்து சமயத்தில் இன்னொருமுறை அதே தோட்டத்துக்குப் போங்கள், அதே மனிதரிடம். தரகர் விலையைவிடக் கொஞ்சம் கூட்டியே கொடுத்து வாங்குங்கள், பேரம் வேண்டாம். வாங்கிய பழத்தைக் காரின் டிக்கியில் அடைக்காமல், குலைக்கு மேல் குலை அழுத்தாதபடி தட்டையான அட்டைப்பெட்டியில் பரப்பி, உள்ளே காலடியில் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாளுக்குள் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். மூன்றாம் நாள் இனிப்பு இருக்கும், பன்னீர் இருக்காது.