மூன்றிலிரண்டு எதற்கு?

2024 நவம்பர் 14ஆம் திகதி நடந்த தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225 ஆசனங்களில் 159ஐப் பிடித்தது. முந்தைய நாடாளுமன்றத்தில் அதற்கு இருந்தவை மூன்றே மூன்று. இலங்கையில் விகிதாசார முறை வந்த பிறகு இத்தனை ஆசனங்களை வேறெந்தக் கட்சியும் கண்டதில்லை. யாழ்ப்பாண மாவட்டத்திலும் ஆறில் மூன்று அதற்கே கிடைத்தது. ஊழலில் நாட்டைத் தின்று தீர்த்தவர்கள் மீதான கோபம் அந்த வாக்குகளில் இருந்தது. அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் முடிவு வந்ததும் பரவலாகக் கேட்ட பேச்சு, “மூன்றிலிரண்டு கிடைத்துவிட்டது, இனித் தடையில்லை” என்பதுதான். தடையில்லாத ஆட்சி இலங்கைக்குப் புதிதல்ல. 1970இலும் 1977இலும் ஆட்சியாளருக்கு மூன்றிலிரண்டும் அதற்கு மேலும் கிடைத்தது. 2010இலும் 2020இலும் அந்த எல்லையின் வாசல்வரை வந்தவர்கள், மீதி ஆட்களை எதிரணியிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். அந்த நான்கு முறையும் அந்தப் பலம் எதற்குப் பயன்பட்டது என்பதை எண்ணிப் பார்க்காமல் ஐந்தாவது முறையைக் கொண்டாடுவது அவசரம்.

முதலில் கணக்கைச் சரியாகப் பிரிக்க வேண்டும். வரவுசெலவுத் திட்டம், வரிச் சட்டம், ஊழல் ஒழிப்புச் சட்டம், பாடசாலைச் சீர்திருத்தம், கடன் மறுசீரமைப்பு எல்லாவற்றையும் 113 பேர் கையுயர்த்தினால் நிறைவேற்றலாம். உறுதியான ஆட்சி, விரைவான முடிவு என்று பெரும்பலத்தின் பெயரால் புகழப்படும் அனைத்தும் சாதாரணப் பெரும்பான்மையிலேயே கிடைத்துவிடுகின்றன. 113க்கும் 150க்கும் இடையில் உள்ள அந்த 37 பேர் கூடுதலாகத் தருவது வேறு வகை அதிகாரம். அரசியலமைப்பைத் திருத்தலாம். அரசியலமைப்புக்கு முரணான சட்டத்தையும் நிறைவேற்றலாம். ஒருவரின் குடியியல் உரிமையைப் பறிக்கலாம். மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புதல் பெற்றால் நாடாளுமன்றத்தின் ஆயுளையே நீட்டலாம். இந்தியாவில் நாடாளுமன்றம் செய்த திருத்தத்தை நீதிமன்றம் பின்னரும் செல்லாததாக்க முடியும்; கேசவானந்த பாரதி தீர்ப்பு 1973இலேயே அதற்கு வழி வகுத்தது. இலங்கையிலோ சபாநாயகர் கையெழுத்திட்டுச் சட்டமாகிவிட்டால் எந்த நீதிமன்றமும் அதைக் கேள்வி கேட்க முடியாது. ஆகவே ஒரு கட்சிக்கு மூன்றிலிரண்டு கிடைக்கிறது என்றால், ஆளும் பலத்தோடு ஆட்டத்தின் விதிகளும் அதன் கைக்குப் போகின்றன. இந்த வேறுபாட்டை மறைத்துத்தான் ‘பலமான அரசு’ என்ற முழக்கம் எழுகிறது.

1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்கவின் ஐக்கிய முன்னணி 151 ஆசனங்களில் 116ஐ வென்றது. கூட்டணியின் தலைமைக் கட்சியான சுதந்திரக் கட்சி பெற்றதைவிடச் சற்று அதிக விழுக்காடு வாக்குகள் ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தன. ஆசனங்கள் மட்டும் 91க்கு 17. தொகுதிமுறையின் இந்தக் கோணலில் பிறந்த சபைதான் 1972 அரசியலமைப்பை இயற்றியது. எந்த இனத்துக்கும் பாதகமான சட்டம் செய்யக் கூடாதென்று சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு தந்திருந்த காப்பு அதில் காணாமற் போனது. தமிழரசுக் கட்சி முதலில் உள்ளே இருந்து திருத்தங்கள் கேட்டது, கிடைக்காதபோது வெளியேறியது. அதன் தலைவர் செல்வநாயகம் தம் நாடாளுமன்றப் பதவியைத் துறந்து, இந்த அரசியலமைப்பை என் மக்கள் ஏற்கிறார்களா என்று காங்கேசன்துறையில் தேர்தல் வைத்துப் பாருங்கள் என்றார். 1972 ஒக்டோபரில் காலியான அந்த இடத்துக்கு 1975 பெப்ரவரியில்தான் இடைத்தேர்தல் வைக்கப்பட்டது. இதற்கிடையில், ஐந்தாண்டுக்குத் தெரிவான சபை புதிய அரசியலமைப்பைக் காட்டித் தன் காலத்தை 1977 வரை நீட்டிக்கொண்டது.

1977 அதைவிடப் பெரிய வெற்றி. ஏறத்தாழ 51 விழுக்காடு வாக்குகளுக்கு ஐக்கிய தேசியக் கட்சி 168இல் 140 ஆசனங்களை அள்ளியது. 30 விழுக்காட்டை ஒட்டிய வாக்குகளோடு சுதந்திரக் கட்சி எட்டு ஆசனங்களுக்குச் சுருங்கியது. ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் ஜே.ஆர். ஜெயவர்தன அடுத்த ஆண்டே தமக்கென ஒரு நிறைவேற்று ஜனாதிபதி முறையை அமைத்துக்கொண்டார். 1980இல் தோற்றுக் கிடந்த சிறிமாவோவின் குடியியல் உரிமை ஏழாண்டுகளுக்குப் பறிக்கப்பட்டது. ஆறிலைந்து பலம் எப்படிச் சிந்திக்கும் என்பதற்கு 1981 ஜூலையில் நடந்த ஒன்றைப் பார்த்தால் போதும்: ஆளும் கட்சியினர் எதிர்க்கட்சித் தலைவர் அமிர்தலிங்கம் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார்கள். எதிர்க்கட்சித் தலைவர் எந்த நாளில் அரசின் நம்பிக்கையில் பதவி வகித்தார்? யாழ்ப்பாண நூலகம் எரிந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம் அது. எரித்தவர்களை விசாரிக்க வேண்டிய சபை, அதைப் பற்றிப் பேசியவரை விசாரித்தது. ஆளும் கட்சிக்குள்ளிருந்து எதிர்த்து வாக்களித்தவர் ஷெல்டன் ரணராஜா ஒருவரே.

அடுத்த ஆண்டு நடந்தது இன்னும் தெளிவான சாட்சி. விகிதாசார முறையை 1978 அரசியலமைப்பில் எழுதியவர் ஜெயவர்தனவேதான். அது நல்ல மாற்றம். ஆனால் 1982 ஒக்டோபர் ஜனாதிபதித் தேர்தலில் அவருக்கு வந்த வாக்கு சுமார் 53 விழுக்காடு. அதே அளவு வாக்கோடு விகிதாசார முறையில் பொதுத் தேர்தலுக்குப் போனால் ஆறிலைந்து எங்கே, மூன்றிலிரண்டே மிஞ்சாது. எனவே தேர்தலையே தள்ளிவைத்தார். தம் உறுப்பினர்களிடம் திகதியிடாத பதவி விலகல் கடிதங்களை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டு நான்காம் திருத்தத்தைக் கொண்டுவந்தார். டிசம்பர் 22இல், அவசரகாலச் சட்டம் நடைமுறையில் இருக்க, நீட்டிப்பை ஏற்கும் விளக்குச் சின்னத்துக்கும் மறுக்கும் குடச் சின்னத்துக்கும் இடையே மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. விளக்கு வென்றது. யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட வாக்குகள் குடத்துக்கு விழுந்தன. அதனால் எதுவும் மாறவில்லை. 1977இல் தெரிவான சபை 1988 டிசம்பர் வரை இருந்தது. 1983 ஓகஸ்டில் அதே சபை, தனிநாடு கோருவதைத் தடைசெய்யும் ஆறாம் திருத்தத்தை நிறைவேற்ற, அதன்படி சத்தியம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணியினர் ஆசனங்களை இழந்தார்கள். இனப்பிரச்சினை உச்சத்தில் இருந்த ஆண்டுகளில் தமிழ் மக்களின் பெரும்பாலான பிரதிநிதிகளுக்கு நாடாளுமன்றத்தில் இடமில்லாமல் போனது.

பிற்காலக் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அது பழைய கதையின் மறுபதிப்பு. 2010இல் 144 ஆசனங்கள் பெற்ற மகிந்த ராஜபக்ச, எதிரணியிலிருந்து வந்து சேர்ந்தவர்களோடு 161 வாக்குகளில் பதினெட்டாம் திருத்தத்தை அவசர மசோதாவாக நிறைவேற்றி, இரண்டு முறைக்கு மேல் ஜனாதிபதியாக முடியாது என்ற வரம்பை நீக்கினார். 2020இல் 145 ஆசனங்களோடு வந்த அவரது தம்பி கோத்தாபயவின் அரசு, ஜனாதிபதியின் அதிகாரத்தை மீண்டும் பெருக்கிய இருபதாம் திருத்தத்துக்கு 156 வாக்குகளைத் திரட்டியது. பெரும்பலம் எதிரணியையும் தன் பக்கம் இழுத்துக் கரைத்துவிடும். கேள்வி கேட்க வேண்டியவர்களே அமைச்சுப் பதவிக்கு வரிசையில் நிற்பார்கள். 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி ஒரு வர்த்தமானி அறிவித்தலில் தடைசெய்யப்பட்டபோது, நெல் விளையுமா, தேயிலை தாங்குமா என்று நிறுத்திக் கேட்க அந்தப் பெரும்பான்மைக்குள் ஆள் இல்லை. அறிவித்தவர்களே நவம்பரில் பின்வாங்கினார்கள். அதற்குள் போகம் போய்விட்டது. 2022 ஏப்ரலில் அரசுப் பக்கத்திலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் விலகித் தனித்து அமர்ந்தார்கள், ஜூலையில் கோத்தாபய நாட்டைவிட்டே போனார். பெரும்பலம் உறுதி தரும் என்பவர்கள் இந்த இருபத்து மூன்று மாதங்களுக்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

இதற்கு நேரெதிராக, ஆட்சியாளரின் கையைக் கட்டிய திருத்தங்கள் எந்தச் சபைகளில் பிறந்தன என்று பார்த்தால் வடிவம் புலப்படும். சுயாதீன ஆணைக்குழுக்களைத் தந்த பதினேழாம் திருத்தம் 2001இல், பெரும்பான்மை இழந்து தத்தளித்த அரசின் காலத்தில் வந்தது. தகவல் அறியும் உரிமையை அடிப்படை உரிமையாக்கிய பத்தொன்பதாம் திருத்தம் 2015இல், சிறுபான்மை அரசொன்றின் கீழ், ஒரேயொரு எதிர் வாக்கோடு நிறைவேறியது. 2020இல் இருபதாம் திருத்தத்துக்குக் கையுயர்த்திய அதே சபைதான், சிதறிய பின் 2022 ஒக்டோபரில் இருபத்தோராம் திருத்தத்தை நிறைவேற்றி அதில் ஒரு பகுதியைத் திருப்பிப் போட்டது. ஆட்கள் மாறவில்லை, மாறியது ஆசனக் கணக்கு.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. இனப்பிரச்சினைக்கு அரசியலமைப்பு வழித் தீர்வு வேண்டும். அதற்கு மூன்றிலிரண்டு வேண்டும். அது ஒரு கட்சியிடம் இருந்தால்தான் வேலை நடக்கும். ஜனாதிபதியாக இருந்த சந்திரிகா 2000 ஓகஸ்டில் முன்வைத்த அரசியலமைப்பு வரைவு அவரிடம் அந்தப் பலம் இல்லாததால்தான் விழுந்தது. எதிர்க்கட்சியினர் அதன் பிரதியைச் சபைக்குள்ளேயே கொளுத்தினார்கள். அந்த இழப்பை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் பலம் இருந்தவர் என்ன செய்தார்? ஐக்கிய தேசியக் கட்சியின் 1977 தேர்தல் விஞ்ஞாபனம் தமிழர்களின் குறைகளை ஏற்று, சர்வகட்சி மாநாடு கூட்டுவதாக எழுதியிருந்தது. 140 ஆசனங்கள் கையில் இருந்தும் அந்த மாநாடு கூடியது 1984இல், கறுப்பு ஜூலைக்குப் பிறகு. பேச வேண்டிய தேவை இல்லாதவர் பேசுவதில்லை. மாகாண சபைகளைத் தந்த பதின்மூன்றாம் திருத்தம் அந்தச் சபையில்தானே நிறைவேறியது என்று கேட்கலாம். உண்மை. அது இந்தியாவின் அழுத்தத்தில், இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் மறுபக்கமாக, உயர் நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற பிளவுபட்ட முடிவோடு வந்தது. கையுயர்த்திய பலருக்கு அதில் நம்பிக்கை இருக்கவில்லை. நம்பிக்கையில்லாமல் தந்ததைக் காப்பாற்றவும் ஆள் இருக்கவில்லை: காணி, பொலிஸ் அதிகாரங்கள் காகிதத்திலேயே நின்றன.

மக்களே கொடுத்த பலத்தைக் குறை சொல்வது ஜனநாயகமா என்பது மற்றொரு கேள்வி. 2024இன் வெற்றி 1977 போன்ற தொகுதிமுறைக் கோணல் அல்ல. 61 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு உண்மையிலேயே விழுந்தது. அதிலும் 61 விழுக்காடு வாக்கு 70 விழுக்காடு ஆசனமாக உயர்ந்ததைக் கவனிக்க வேண்டும். அதைவிட முக்கியம், ஆளச் சொல்லி வாக்களித்தவர் விதிகளை ஒருவரே எழுதச் சொல்லி வாக்களித்ததாகக் கொள்ள முடியாது. சிங்கப்பூரைக் காட்டுவோரும் இருக்கிறார்கள். 1968 முதல் 1981 வரை அங்கே சபை முழுவதும் மக்கள் செயல் கட்சியே. ஆனால் எதிர்க்கட்சி வேட்பாளர் ஜெயரத்தினம் ஆன்சன் இடைத்தேர்தலில் வென்ற மூன்றாண்டுக்குள், தோற்ற எதிர்க்கட்சியினரில் சிலருக்குச் சபையில் இடம் தர அந்தக் கட்சியே அரசியலமைப்பைத் திருத்த வேண்டி வந்தது. எதிர்க்குரல் இல்லாத சபை அவர்களுக்கே போதவில்லை.

தேசிய மக்கள் சக்தி முந்தையவர்களைவிட நேர்மையானதாகவே இருக்கட்டும். 1977இல் ஜெயவர்தனவும் ‘தர்மிஷ்ட’ ஆட்சி என்றுதான் வந்தார். நல்லவர் கையில் இருப்பதால் அதிகாரத்துக்கு வரம்பு வேண்டாம் என்பது, அடுத்து வருபவரும் நல்லவரே என்று பிணை நிற்பதற்குச் சமம். மூன்றிலிரண்டு என்ற எல்லையை வகுத்ததே, ஆளும் தரப்பு மறுதரப்போடு உட்கார்ந்து பேசட்டும் என்பதற்காக. ஒரு கட்சி தனித்தே அதைத் தாண்டிவிட்டால் அந்த எல்லைக்கு வேலை இல்லை. எனவே புதிய அரசியலமைப்பைத் தருவதாக வாக்களித்திருக்கும் இந்த அரசு, தன் 159 பேரை மட்டும் எண்ணி வரைவை வாக்குக்கு விடக் கூடாது. எதிரணியில் மூன்றிலொரு பங்கினரின் ஒப்புதலும் இருந்தால்தான் அரசியலமைப்பு மாறும் என்ற நிபந்தனையை முதலில் தனக்கே விதித்து, அதை அந்த வரைவின் திருத்தப் பிரிவிலேயே எழுதிவைக்க வேண்டும்.